200 லிட்டர் டிரம்மில் ஒரு காஸ் சூளை: மூன்றாவது முறை கைகூடியது

மூன்றாவது சூளையை நேற்றுக் காலை ஒன்பது மணிக்குப் பிரித்தோம். உள்ளே வைத்தது 43 உருப்படி, முழுசாக வெளியே வந்தது 41. முதல் சூளையில் 38-க்கு 17 உடைந்தது. இரண்டாவதில் ஒன்றுகூட வெடிக்கவில்லை என்று எல்லோரும் கைதட்டினோம். நான்கு நாள் கழித்து, அலமாரியில் சும்மா இருந்த பானைகளின் பக்கங்கள் சில்லுச் சில்லாகப் பெயர ஆரம்பித்தன. இந்த மூன்று சூளைகளுக்கும் இடையில் என்னென்ன மாற்றினோம் என்பதுதான் இந்தக் குறிப்பு.

புதுச்சேரியை ஒட்டிய ஒரு கிராமத்தில் நடக்கும் வார இறுதி வகுப்பு இது. மொத்தம் 18 பேர். அதில் 12 பேர் பள்ளிப் பிள்ளைகள். மண் வகுப்புகளில் பொதுவாகப் பச்சைப் பானையை வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டு வாரம் கழித்து வெந்த பானையைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். நடுவில் நெருப்பு என்ன செய்தது என்பது கற்றுக்கொள்பவருக்குத் தெரியாமலே போய்விடுகிறது. அவர்கள் செய்ததை அவர்கள் கண் முன்னேயே வேகவைக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த டிரம்.

வேளார் தெருவில் போடுகிற சூளைதான் மண்பாண்டத்துக்கு மலிவான வழி. வைக்கோல், வரட்டி, தென்னை மட்டை அடுக்கி, மேலே சேறு பூசி மூடுவார்கள். ஆனால் வீடுகளுக்கு நடுவே அந்தப் புகையை விட முடியாது. உள்ளே சூடு எப்படி ஏறுகிறது என்பதைப் புதிதாகக் கற்பவர்களுக்குக் காட்டவும் முடியாது. மின்சூளை எங்கள் செலவுக்கு எட்டாதது.

மண்

குளத்து வண்டல், தெரிந்த குயவரிடம் இருந்து நான்கு மூட்டை. மூன்று நாள் ஊறவைத்து, கரைத்து, முதல் தடவை கொசுவலையில் வடிகட்டினோம். இது எங்கள் முதல் தவறு. அதன் விலை இரண்டாவது சூளையில்தான் தெரிந்தது. வடித்த குழம்பைச் செங்கல் பரப்பின் மேல் பழைய வேட்டியை விரித்து ஊற்றினால், வெயில் காலத்தில் இரண்டரை நாளில் பிசைகிற பதத்துக்கு வந்துவிடும்.

மண்ணை மட்டும் வைத்து 15 செ.மீ. நீளத்துக்கு ஒரு பட்டை செய்து, அதில் 10 செ.மீ. கோடு கீறிக் காயவைத்துப் பார்த்தோம். கோடு 8.9 செ.மீ. ஆகச் சுருங்கியது, பட்டையிலும் இரண்டு இடத்தில் விரிசல். இவ்வளவு சுருங்கும் மண்ணைப் புதிய கைகளிடம் கொடுக்கக்கூடாது. 10 கிலோ காய்ந்த மண்ணுக்கு 1.5 கிலோ சலித்த ஆற்று மணல் சேர்த்த பிறகு, காய்ந்ததில் 9.3, வெந்த பிறகு 9.15. கையில் கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும், சக்கரத்தில் விரல் நுனி எரியும். ஆனால் தடிமன் ஒரே சீராக வராத கைகளுக்கு இந்த மண்தான் பொறுத்துப்போகும்.

முதல் பானையை அறுப்பது

வகுப்பில் ஒவ்வொருவரும் செய்யும் முதல் பானையை நாங்கள் சுடுவதில்லை. கம்பியால் நடுவில் மேலிருந்து கீழாக அறுத்து, இரண்டு பாதியையும் பலகையில் மல்லாத்தி வைக்கிறோம். பிள்ளைகள் முகம் வாடும், உண்மைதான். ஆனால் அந்த வெட்டு முகத்தைப் பார்த்ததும் பேச்சு மாறிவிடுகிறது. விளிம்பு 5 மி.மீ., நடுப்பக்கம் 9, அடியில் 22. வெளியே பார்க்க எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தது. சக்கரத்தில் செய்தாலும் கையால் கிள்ளிச் செய்தாலும் புதிதாகக் கற்பவர்களின் மண் அடியிலும், சுவரும் அடியும் சேரும் மூலையிலும்தான் தேங்கும். ஸ்கேலை வைத்து அளந்து தாளில் எழுதச் சொல்கிறோம்.

இரண்டாவது பானையைக் கண்ணை மூடிக்கொண்டு செய்ய வேண்டும். கட்டை விரல் உள்ளே, மற்ற விரல்கள் வெளியே, நடுவில் இருக்கிற மண்ணின் கனத்தை விரலே கேட்டுத் தெரிந்துகொள்ளும். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் கண்ணை இறுக்கி மூடி, உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு, ஒரே இடத்தில் விரலை நிறுத்தி, "இங்க குண்டா இருக்குண்ணா" என்றான். அறுத்துப் பார்த்தோம்: அதே இடத்தில் 13 மி.மீ., மற்ற இடமெல்லாம் 8. இருபது நாள் சொல்லிக்கொடுத்ததன் பலன் மொத்தமும் அந்த ஒரு வார்த்தையில் கிடைத்துவிட்டது. கற்றுக்கொடுக்கிறவருக்கு இதைவிட மகிழ்ச்சி வேறு எதில் என்று எனக்குத் தெரியவில்லை.

எங்கள் அளவு: சுவர் 7 முதல் 9 மி.மீ., அடி 10 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. பிள்ளைகள் எல்லோரும் யானை கேட்பார்கள். கட்டியாகச் செய்த யானை சூளையில் நிற்காது. செய்தித்தாளை உருண்டையாகச் சுருட்டி, அதன் மேல் மண் தகட்டைப் போர்த்தி உடம்பு செய்து, வயிற்றில் ஊசியால் துளை போடவேண்டும். தாள் சூளையில் எரிந்துபோகும். துளை இல்லாவிட்டால் உள்ளே அடைபட்ட காற்றோடு ஈரமும் ஆவியாகப் போக வழியின்றித் திணறும்.

டிரம்

டிரம்மின் விட்டம் 57 செ.மீ., உயரம் 88. சமையல் எண்ணெய் வந்த டிரம்மாகப் பார்த்து வாங்குங்கள். ரசாயனமோ பெட்ரோல் வகையோ வந்த டிரம்மில் வெல்டிங் நெருப்பை வைப்பது உயிர் போகிற வேலை. எங்களுடையதை மூன்று முறை சோப்புத் தண்ணீரில் கழுவி, விளிம்பு வரை நீர் நிரப்பி, மேல்மூடியை உளியால் வெட்டி எடுத்தோம். பிறகு திறந்த வெளியில் உள்ளே வைக்கோல் போட்டு எரித்து, மிச்ச எண்ணெயையும் பெயின்டையும் போக்கினோம்.

உள்பக்கம் செராமிக் ஃபைபர், அதாவது சூடு தாங்கும் பஞ்சுப் போர்வை: 25 மி.மீ. தடிமன், கன மீட்டருக்கு 128 கிலோ அடர்த்தி, 1260 டிகிரி ரகம். ஒரு சுருள் 7.32 மீட்டர் நீளம், 61 செ.மீ. அகலம், இரண்டு அடுக்குக்கும் மூடிக்கும் சேர்த்து ஒரே சுருள் போதும், கிட்டத்தட்ட ஒரு மீட்டர் மிஞ்சும். சுருளின் அகலம் டிரம்மின் உயரத்துக்குப் போதாது என்பதால் குறுக்கே ஓர் ஒட்டு வரும். முதல் தடவை இரண்டு அடுக்கிலும் அந்த ஒட்டு ஒரே உயரத்தில் அமைந்துவிட்டது. 800 டிகிரியில் டிரம்மின் வெளிப்பக்கம் அந்தக் கோட்டில் மங்கலாகச் சிவந்தது. இப்போது வெளி அடுக்கின் முழு அகலத் துண்டு கீழிருந்தும், உள் அடுக்கினுடையது மேலிருந்தும் தொடங்குகிறது. ஒட்டுகள் ஒன்றுக்கொன்று 40 செ.மீ. விலகியிருக்கின்றன.

ஃபைபரை டிரம்மோடு பிடித்துக் கட்டக் கட்டுக்கம்பியைப் போட்டது இன்னொரு தவறு. இரண்டே சூளையில் கம்பி கருகி உதிர்ந்து, மூடியின் ஃபைபர் தொங்கிவிட்டது. ஹீட்டர் சுருளுக்குப் போடுகிற 1 மி.மீ. காந்தால் கம்பிதான் சரி. இரண்டு துளை போட்ட மண் பொத்தான்களை நாங்களே செய்து சுட்டு, பொத்தான் உள்ளே, கம்பி முனை வெளியே வருமாறு முறுக்கிவிட்டோம். ஓர் அடிக்கு ஒன்று.

ஃபைபர் வேலை பிள்ளைகளுடையது அல்ல. அதன் நுண்ணிழை நுரையீரலில் தங்கும். என்95 முகமூடி, கையுறை, முழுக்கைச் சட்டை போட்டுத்தான் வெட்டவேண்டும். சூடுபட்டுப் பழசான ஃபைபரைத் தொடும் முன் தண்ணீர் தெளித்து நனைக்கவேண்டும். உள்முகத்தில் கூழ்ம சிலிகாவை (நீரில் கலந்த மிக நுண்ணிய சிலிகா) தெளித்துக் காயவிட்டால் மேற்பரப்பு கெட்டியாகி, இழை உதிர்வது குறையும்.

தரையில் இன்சுலேஷன் செங்கல் ஒரு வரிசை. அதன் மேல் செங்கல் துண்டுகளை முட்டுக் கொடுத்து, 38 செ.மீ. விட்டமுள்ள வட்டத்தட்டு தரையிலிருந்து 18 செ.மீ. உயரத்தில். தட்டுக்கும் சுவருக்கும் நடுவே சுற்றிலும் நாலரை செ.மீ. இடைவெளி, நெருப்பு அதன் வழியாகத்தான் மேலே போகும். மூடியில் 10 செ.மீ. புகைத்துளை. பர்னர் துளையும் 10 செ.மீ.தான், தரைமட்டத்துக்குச் சற்று மேலே. துளையை நடுவை நோக்கிப் போடாதீர்கள். சுவரை ஒட்டிச் சாய்வாகப் போட்டால் நெருப்பு டிரம்முக்குள் சுழன்று ஏறும். நாங்கள் முதலில் நேராகப் போட்டு, எதிர்ச்சுவர் ஓரம் இருந்தவை மட்டும் கருகின. பழைய துளையை ஃபைபர் வைத்து அடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டோம்.

முதல் சூளை: 17 உடைந்தது

மூன்று தவறுகள் ஒன்றாகச் சேர்ந்தன. பானைகள் ஐந்து நாள் காய்ந்திருந்தன. போதும் என்று நினைத்தோம். வெப்பமானியை மூடிக்குப் பக்கத்தில் சொருகியிருந்தோம். பர்னரை எவ்வளவு குறைத்தாலும் அது வேகமாகவே சூடேற்றியது. ஒரு மணி நாற்பதாவது நிமிடம் முதல் சத்தம், கொட்டாங்கச்சி உடைவது போல. மீட்டர் 95 டிகிரி என்றது. அடித்தட்டு அதைப்போல இரண்டு மடங்குச் சூட்டில் இருந்தது என்று பிறகு அளந்தபோது தெரிந்தது.

உடைந்த துண்டுகளை மறுநாள் மேசையில் கொட்டி, வகுப்பில் எல்லோரும் சேர்ந்து தரம் பிரித்தோம். அடியில் இருந்து தகடு தகடாக, கிண்ணம் போல் வளைந்து பெயர்ந்த துண்டு என்றால் ஈரம் ஆவியாகி வெடித்தது. நீளமாக, கத்தியால் கீறியது போல ஓடிய ஒற்றை விரிசல் என்றால் ஆறும்போது அவசரப்பட்டது. 573 டிகிரியில் மணலில் இருக்கும் குவார்ட்ஸ் சட்டென்று அளவு மாறும், அந்த இடத்தை மெதுவாகக் கடக்கவேண்டும். 17-ல் 15 முதல் வகை, எல்லாம் அடித்தட்டில் இருந்தவை. தன் பானை உடைந்ததற்காக வருத்தத்தோடு வந்த பிள்ளைகள், அரை மணி நேரத்தில், "இது ஆவி, இது ஆறும்போது" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தத் துண்டுகளை இரண்டு டப்பாவில் போட்டுச் சீட்டு ஒட்டி வைத்திருக்கிறோம். அடுத்த குழுவுக்கு இதைவிட நல்ல பாடப்பொருள் கிடையாது.

காய்ந்ததா என்று தெரிந்துகொள்ள இப்போது இரண்டு வழி. ஒன்று கன்னம்: பானையின் அடியைக் கன்னத்தில் வைத்தால் ஜில்லென்று இருக்கக்கூடாது. இன்னொன்று சமையலறைத் தராசு. குண்டான பானை ஒன்றைத் தேர்ந்து தினமும் எடை போடுகிறோம்: 612 கிராம், 563, 548, 541, 541. இரண்டு நாள் எடை இறங்காமல் நின்றால்தான் சூளைப் பேச்சு.

இரண்டாவது சூளை: சுக்கான்கல்

பர்னரை ஆரம்பத்தில் தொடவே கூடாது என்று முடிவு செய்து, தட்டுக்கு அடியில் கொட்டாங்கச்சிக் கரி போட்டு நாலு மணி நேரம் வாட்டினோம். ஒன்றும் வெடிக்கவில்லை. நான்காம் நாள் பானைகளின் மேல் கடலைப்பருப்பு அளவில் சில்லு பெயர்ந்து, ஒவ்வொரு குழியின் நடுவிலும் ஒரு வெள்ளைப் புள்ளி. 40-ல் 11 பானை போனது.

மண்ணில் இருந்த சுக்கான்கல் பொடிதான் காரணம். சூளையில் 800 டிகிரியைத் தாண்டும்போது அது சுட்ட சுண்ணாம்பாகிறது. வெளியே வந்த பிறகு காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடித்து ஊதுகிறது, மண்ணைப் பெயர்த்துக்கொண்டு வெளியே வருகிறது. கொசுவலைக் கண்ணில் நுழையும் அளவு கல்லே இதற்குப் போதும். 40 மெஷ் (அங்குலத்துக்கு 40 கண்) சல்லடையில் மறுபடி வடித்தபோது, ஒரு வாளிக் குழம்புக்கு ஒரு கைப்பிடி பொடிக்கல் மேலே தங்கியது. அதில் வினிகர் விட்டதும் நுரைத்துப் பொங்கியது. மண் வாங்கும் அன்றைக்கே இந்தச் சோதனையைச் செய்திருந்தால் 11 பானை மிஞ்சியிருக்கும். மீதிப் பானைகளை அன்றே ஓர் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்தோம். நிறைய நீர் கிடைத்தால் சுண்ணாம்பு உப்பாமல் கரைந்துபோகும் என்ற கணக்கு. இன்னும் அவை நன்றாகத்தான் இருக்கின்றன.

இன்னொரு குறை: மேல்தட்டில் இருந்தவை தட்டினால் மொத்தென்று ஒலித்தன. கோன் என்பது குறிப்பிட்ட சூட்டில் சாயும் சிறு கூம்பு. கீழே வைத்த கோன் 08 முழுக்கச் சாய்ந்திருந்தது, மேலே வைத்தது அசையவே இல்லை. புகைத்துளை முழுக்கத் திறந்திருந்ததால் சூடு நிற்காமல் வெளியேறியிருக்கிறது.

மூன்றாவது சூளை, மணிக்கணக்கில்

காலை 6 மணிக்குக் கரி. இருபது நிமிடத்துக்கு ஒரு கைப்பிடி வீதம் மொத்தம் 1.8 கிலோ. மூடியை இரண்டு செ.மீ. தூக்கி ஓட்டுத்துண்டு செருகியிருந்தது. அடித்தட்டுப் பானைகளின் கீழேயும் ஓட்டுத்துண்டு முட்டு, தட்டின் சூடு நேராகப் படாமல் இருக்க. வெப்பமானி இப்போது அடித்தட்டு உயரத்தில். கரி விஷப்புகை விடும். நாலு பக்கமும் திறந்த தகரக் கொட்டகையில்தான் இதைச் செய்யவேண்டும்.

ஈரம் போய்விட்டதா என்பதை மீட்டர் சொல்லாது, எவர்சில்வர் தட்டு சொல்லும். குளிர்ந்த தட்டை இடுக்கியில் பிடித்துப் புகைத்துளைக்கு மேலே மூன்று எண்ணும் வரை காட்டி எடுத்தால், ஈரம் இருக்கும் வரை தட்டில் மூச்சு விட்டது போல் பனி படியும். எட்டு மணிக்குத் தட்டு முழுக்க நனைந்து சொட்டியது. ஒன்பதரைக்கு நடுவில் மட்டும் ஒரு வட்டம். அந்த வேலையை ஏற்றுக்கொண்ட பெண், பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை தட்டைத் தண்ணீரில் குளிரவைத்து, துடைத்து, காட்டி, நோட்டில் குறித்துக்கொண்டே இருந்தாள். 10.20-க்குத் தட்டு காய்ந்தே வந்தது. மீட்டரில் 112. எல்லோரும் அந்தத் தட்டைக் கையில் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள்.

10.30-க்குக் கரியை வாரிவிட்டு காஸ். மணிக்கு 100 டிகிரி கணக்கில் 600 வரை ஏற்றியபோது பிற்பகல் மூன்றரை மணி ஆகிவிட்டது. இந்தக் கட்டத்தில் சுடர் அணைந்தால் உடனே வால்வை மூடி, மூடியைத் தூக்கி, ஐந்து நிமிடம் கழித்துத்தான் மறுபடி பற்றவைக்கவேண்டும். சமையல் வாயு காற்றைவிடக் கனம், டிரம்மின் அடியில் தேங்கி நிற்கும். ஆள் அகலாமல் சுடரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

600-க்கு மேல் உள்ளே மங்கலான சிவப்பு தெரியும். அங்கிருந்து மணிக்கு 150 டிகிரி. 850-ல் புகைத்துளையைத் தட்டுத் துண்டால் பாதி மூடினோம். மேலும் கீழும் சூடு சமப்பட்டது இதனால்தான். 700-ஐ ஒட்டி சிலிண்டர் வெளியே வெள்ளைப் பனி கட்டி அழுத்தம் இறங்கும் என்பது முதல் சூளையிலேயே தெரிந்துவிட்டதால், 19 கிலோ வணிக சிலிண்டரைச் சூளையிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி, தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தியிருந்தோம். 6.15-க்கு 980 டிகிரி, ஆரஞ்சு நிறம். இருபது நிமிடம் அதிலேயே நிறுத்தி, காஸை மூடி, பர்னர் துளையையும் புகைத்துளையையும் ஃபைபரால் அடைத்தோம். ஃபைபர் சூளை செங்கல் சூளை போலச் சூட்டைத் தேக்கி வைக்காது, சீக்கிரம் ஆறிவிடும். அடைக்காமல் விட்டால் 573-ஐ ஓட்டமாகக் கடந்து விரிசல் விடும்.

காலை 9 மணிக்கு 60 டிகிரி. மூடியைத் தூக்கியதும் முதல் வரிசை செங்காவி நிறத்தில், பளிச்சென்று. ஒவ்வொருவரும் தன் பானையை எடுத்து, விரல் முட்டியால் தட்டி, காதில் வைத்துக் கேட்டார்கள். நன்றாக வெந்த பானை கணீரென்று ஒலிக்கும். 41 பானையும் ஒலித்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே யாரும் பேசவில்லை.

உடைந்த இரண்டில் ஒன்று கைப்பிடி: காய்ந்து தோல்பதம் தாண்டிய கோப்பையில் ஈரப் பிடியை ஒட்டியது. பிடி மட்டும் தனியாகச் சுருங்கும்போது ஒட்டு பிடிக்காது. இரண்டும் ஒரே பதத்தில் இருக்கும்போதே கீறி, குழம்பு தடவி ஒட்டவேண்டும். இன்னொன்று சக்கரத்தில் செய்த தட்டு, அடியில் வளைந்த விரிசல். மண்ணை நடுவில் திறந்த பிறகு அடியை விரலால் அழுத்தி நெருக்காமல் விட்டது காரணம்.

செலவு

டிரம் 900, ஃபைபர் சுருள் 3,200, செங்கல் 910, பர்னர், அழுத்தமானியோடு ரெகுலேட்டர், ஹோஸ் எல்லாம் 4,600, கே-டைப் வெப்பமானியும் மீட்டரும் 2,350, இரண்டு வட்டத்தட்டு 2,800, கம்பி, முகமூடி, சிலிகா 1,150, வெல்டிங் கூலி 800. மொத்தம் 16,710 ரூபாய். சிலிண்டர் முன்பணம் தனி. சூளைக்கு முன்னும் பின்னும் சிலிண்டரை எடை போட்டதில் மூன்றாவது தடவை ஆன காஸ் 7.4 கிலோ. கரியும் சேர்த்து ஏறக்குறைய 800 ரூபாய், ஓர் உருப்படிக்கு 19 ரூபாய்க்குள்.

இந்த டிரம்மில் ஸ்டோன்வேர், அதாவது கல் போல் இறுகும் பாண்டம், சுட முடியாது. அதற்கு 1,200 முதல் 1,300 டிகிரி வேண்டும்; இந்தத் தடிமன் ஃபைபரும் இந்த மண்ணும் அதைத் தாங்கா. புதுச்சேரியில் 1971-ல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியால் ஸ்டோன்வேர் இங்கே வேரூன்றிவிட்டது. வகுப்புக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதல் நாளே பளபளக்கும் மெருகுதான் கேட்கிறார்கள். செம்மண் பானையில் தண்ணீர் கசியும் என்பதையும், புதுப்பானையில் கஞ்சித்தண்ணீர் ஊற்றி வைத்துப் பழக்கினால் கசிவு குறையும் என்பதையும் சொல்லித்தான் கொடுத்து அனுப்புகிறோம்.

அடுத்த சூளைக்கு இரண்டு சிலிண்டரை இணைத்து ஓட்டப்போகிறோம், தண்ணீர்த் தொட்டி தேவைப்படாது. மேல்தட்டுக்கு இரண்டாவது வெப்பமானி. மூடிக்கு மூன்றாவது அடுக்கு ஃபைபர்; வெளித்தகடு இன்னும் கை வைக்க முடியாத சூடு. மேல்தட்டிலும் கீழ்த்தட்டிலும் கோன் 08, 06 இரண்டும். எவர்சில்வர் தட்டைப் பிடித்த பெண் இந்தத் தடவை 600-க்கு மேல் வால்வைத் தன்னிடம் தரச் சொல்லியிருக்கிறாள். நானும் பக்கத்தில் நிற்பேன், நோட்டு அவளிடம் இருக்கும்.